தட்டு எங்கள் பொறுப்பு, டைரி அவளுடையது

என் மகளுக்கு இப்போது 18 வயது. 16 நடக்கும்போது அவளுக்கு அனோரெக்சியா, அதாவது சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்துப் பட்டினியில் கொண்டுபோய் விடும் மனநோய், என்று மருத்துவர் சொன்னார். நான் ஈரோட்டில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, காலையில் போனால் மாலையில்தான் வருவார். அதனால் மதியச் சாப்பாட்டுக்கு மகளோடு உட்காரும் வேலை எனக்கு வந்தது. ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, தினமும் உட்கார்ந்தேன். வீட்டில் எப்படிப் பேசுவது, எதில் கறாராக இருப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று அப்போது யாராவது எங்களுக்குத் தமிழில் சொல்லியிருந்தால் நாலைந்து மாதம் வீணாகியிருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மகளிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். எடை, கலோரி என்று ஒரு எண்ணும் வரக் கூடாது என்றாள். இந்த நோயில் இருக்கும் பிள்ளைகள் அந்த எண்ணைப் பார்த்தால் அதற்கும் கீழே போகப் பார்ப்பார்களாம். அதனால் போடவில்லை.

முதலில் நாங்கள் செய்த தவறு. மகள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தபோது தட்டில் விட்டுக்கொடுத்தோம். "சரி, அரைச் சப்பாத்தியாவது சாப்பிடு", "சரி, மோராவது குடி" என்று நாளுக்கு நாள் இறங்கினோம். அதே நாட்களில் அவளுடைய டைரியைப் படித்தோம், போனைத் திறந்து பார்த்தோம், தோழிகளிடம் விசாரித்தோம். இரண்டையும் மாற்றிச் செய்திருக்க வேண்டும். சாப்பாட்டில் பெற்றோரின் பிடி தளரக் கூடாது. மற்றவற்றில் அவளை அவள் போக்கில் விட வேண்டும்.

எங்கே கோட்டை விட்டோம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த விடுமுறையில் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர், "என்ன கண்ணு, நல்லா பூசுனாப்ல ஆயிட்ட" என்றார். அதனால்தான் நோய் வந்தது என்று சொல்ல மாட்டேன். காரணம் யார் என்று தேடுவதை முதல் நாளே நிறுத்தச் சொன்னார் மருத்துவர். ஆனால் அந்த விடுமுறையில்தான் அவள் தட்டில் சோறு குறைந்தது. அப்புறம் எண்ணெய் நின்றது. வெள்ளிக்கிழமை விரதம் என்றாள், பிறகு செவ்வாய், சஷ்டி, ஏகாதசி. என் அம்மாவுக்கு ஒரே பெருமை, பேத்திக்கு இவ்வளவு பக்தி என்று. சாமிக்காக விரதம் இருக்கிற பிள்ளையை யார் தடுப்பது? எங்களுக்கு அது உறைக்கவே இல்லை.

கேட்டால், "வயிறு உப்புசமா இருக்குதுங்ப்பா" என்பாள். குண்டாகிவிடுவோம் என்று பயமாக இருக்கிறது என்று ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. அதனால் வயிற்று மருத்துவர், ஸ்கேன், வேர்க்கட்டு, மந்திரிப்பு என்று அலைந்தோம். இந்தியாவில் இந்த நோயோடு வரும் பிள்ளைகளில் பலர் உடல் பருமனைப் பற்றிப் பேசாமல் வயிற்றைத்தான் சொல்வார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

இன்னொரு அடையாளத்தையும் தவறவிட்டோம். அவள் எல்லோருக்கும் சமைக்க ஆரம்பித்தாள். தம்பிக்கு நெய் ஊற்றி அரிசிம்பருப்புச் சாதம், எனக்கு நிலக்கடலைச் சட்னி, ராத்திரியெல்லாம் யூடியூபில் சமையல் வீடியோ. பிள்ளைக்கு வீட்டு வேலையில் ஆர்வம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 45-இல் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி போட்டு ஓர் ஆய்வு செய்தார். அந்த ஆண்களும் இப்படித்தான் ஆனார்கள். சமையல் புத்தகம் சேகரித்தார்கள், ஒரே தட்டு உணவை மணிக்கணக்கில் கிளறித் தின்றார்கள், எரிந்து விழுந்தார்கள், கோடையிலும் குளிருகிறது என்றார்கள். அதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குப் பாதி கோபம் போய்விட்டது. என் மகளின் பிடிவாதம், கதவை அறைந்து சாத்துவது, பொய் எல்லாமே அவள் குணம் என்று நினைத்திருந்தேன். அதில் பெரும்பங்கு பட்டினி கிடக்கும் மூளையின் வேலை.

ஒரு நாள் பள்ளியில் காலை வழிபாட்டில் மயங்கி விழுந்தாள். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 46.

உங்கள் வீட்டில் சந்தேகம் இருந்தால் இதை வாசித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் தேதி வாங்குங்கள். மயக்கம், விழித்திருக்கும்போது நாடி 50-க்குக் கீழே போவது, நெஞ்சு படபடப்பு, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, தொடர்ந்து வாந்தி எடுப்பது, தண்ணீர்கூட மறுப்பது, உயிர் வாழப் பிடிக்கவில்லை என்று சொல்வது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றே மருத்துவமனை. மாதவிடாய் நின்றுபோவதும், கை கால் சில்லிட்டுப்போவதும், முடி கொத்தாகக் கொட்டுவதும் தள்ளிப்போடக் கூடியவை அல்ல. ரத்தப் பரிசோதனை சரியாக வந்துவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. பிள்ளை பார்க்க ஒல்லியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பையன்களுக்கும் வரும். குழந்தை மருத்துவர், மனநல மருத்துவர் இரண்டு பேரும் வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ரொம்ப நாள் பட்டினி கிடந்த பிள்ளைக்கு ஒரே நாளில் வயிறு நிறையப் போடக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென இறங்கி இதயம் வரை பாதிக்கும். எவ்வளவில் தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். நாங்களும் ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டுத்தான் வீட்டில் தொடங்கினோம்.

மொட்டைமாடியில் ஒரு மணி நேரம்

மருத்துவர் எங்களுக்குச் சொன்ன முறை லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. 1987-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், 19 வயது ஆவதற்குள் நோய் தொடங்கி மூன்று வருடம் ஆகாத பிள்ளைகளுக்குக் குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சை, தனியாக அமர்ந்து பேசும் சிகிச்சையைவிட நன்றாக வேலை செய்தது. சுருக்கம் இதுதான்: முதல் கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்பது முழுக்கப் பெற்றோர் கையில். உடம்பு தேறியதும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திருப்பித் தருவது. கடைசியில் வயதுக்கு உரிய மற்ற விஷயங்கள். எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. அடி உதையோ குடியோ இருக்கும் வீடு என்றால் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள், வேறு வழி சொல்வார்கள்.

எங்களுக்கு இருந்த சிக்கல் வேறு. மனைவி இளகிவிடுவார், நான் கத்திவிடுவேன். அவர் இளகுவதைப் பார்த்து நான் இன்னும் கத்துவேன், நான் கத்துவதைப் பார்த்து அவர் இன்னும் இளகுவார். நடுவில் நோய் சுகமாக இருந்தது.

அதனால் மகள் தூங்கிய பிறகு மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசினோம். பேசி எழுதியது ஒரு பக்கம். தட்டில் என்ன போடுவது என்று முதல் நாள் இரவே முடிவு செய்வது. ஒருவர் சொன்னதை மற்றவர் பிள்ளை முன்னால் மாற்றக் கூடாது, தவறாகவே இருந்தாலும் சரி, மாடியில்தான் பேச வேண்டும். எனக்குக் கோபம் தலைக்கேறினால் "தண்ணி கொண்டாறேன்" என்று எழுந்து போவேன், மனைவி வந்து உட்காருவார். இந்தச் சொல் எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த சைகை. நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பலமுறை காப்பாற்றும். என் அம்மாவையும் அந்த மாடிக்கு அழைத்தோம். "அம்மா, கொஞ்ச நாளைக்கு வீட்டுல யாருக்கும் விரதம் இல்ல" என்று சொன்னபோது அவர் முகம் வாடியது. பிறகு அவரே மகளிடம் போய், "சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன் கண்ணு, நீ சாப்புடு" என்றார். நாங்கள் இருவரும் சொன்ன எதையும்விட அது வேலை செய்தது.

தட்டுக்கு முன்னால்

மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் மூன்று சிற்றுண்டி. நேரம் மாறாது. பரிமாறுவது நாங்கள். அவள் அடுப்படிக்குள் வரக் கூடாது என்பது முதல் மூன்று மாத விதி. அவளுக்கு அது பெரிய கோபம். ஆனால் அவள் உள்ளே நின்றால் எண்ணெய் எவ்வளவு ஊற்றுகிறோம் என்று எண்ணிக்கொண்டே இருப்பாள், சாப்பிடும் முன்பே போர் தொடங்கிவிடும்.

சாப்பிடும்போது பேச்சு குறைவாக இருக்க வேண்டும். நான் முதலில் நிறையப் பேசினேன். புரதம், இரும்புச் சத்து, எலும்பு, எதிர்காலம், டாக்டர் படிப்பு. அவள் என்னைவிட நன்றாக வாதம் செய்வாள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கேள்வி வரும், அதற்குள் சாதம் ஆறிவிடும். நோயோடு வாதாடி ஜெயிக்க முடியாது. கடைசியில் நாலே நாலு வாக்கியம் வைத்துக்கொண்டேன்.

"இது உனக்கு இப்ப மருந்து சாமி."

"கஷ்டமா இருக்குதுன்னு தெரியுது. நான் இங்கயேதான் இருக்கேன்."

"அடுத்த வாய்."

"இதப் பத்தி அப்புறம் பேசலாம், இப்ப சாப்பாடு."

நாலாவதைச் சொன்னால் உண்மையாகவே அப்புறம் பேச வேண்டும். இல்லையென்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு போய்விடும்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. "எங்களைக் கொல்றியே", "உனக்காக அம்மா அழுவுறா பாரு" என்பது குற்ற உணர்ச்சியை ஏற்றும். குற்ற உணர்ச்சி ஏறினால் சாப்பாடு இறங்காது. "சோத்துக்கு இல்லாம எத்தனை பேர்" என்பது அவளுக்கும் தெரியும். "நல்லாச் சாப்பிட்டியே, சமத்து" என்று பாராட்டுவதுகூட வேண்டாம். நான் ஒரு நாள் அப்படிச் சொன்னதும் கையை உதறிவிட்டு எழுந்தாள். நல்லாச் சாப்பிட்டேன் என்பது அவள் காதில் தோற்றுப்போனேன் என்று விழுகிறது. "முகம் தெளிஞ்சிருச்சு", "கன்னம் வெச்சிருச்சு" என்பதெல்லாம் அதைவிட மோசம். சாப்பிட்டு முடித்தால் "சரி, வா, தாயம் போடலாம்", அவ்வளவுதான்.

நோயையும் பிள்ளையையும் பிரித்துப் பேசப் பழகுங்கள். "நீ பொய் சொல்ற" என்பதற்குப் பதிலாக "இதைச் சொல்றது உன்னோட நோய்" என்றேன். ஆரம்பத்தில் அதுவும் அவளுக்கு எரிச்சல்தான், "நான்தான் சொல்றேன், நோய் இல்ல" என்பாள். அப்போது வற்புறுத்தாமல் விட்டேன். எங்களுக்குள் பேசும்போது மட்டும் அப்படிப் பிரித்துக்கொண்டோம். அதன் பலன் எங்களுக்கு. மகள் மீது கோபம் வருவது குறைந்தது.

மறுத்தால் என்ன செய்வது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வாயில் திணிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டாள், பருப்புச் சாதம் சுவரெல்லாம் தெறித்தது. என் கை ஓங்கிவிட்டது, அடிக்கவில்லை, ஆனால் ஓங்கியதை அவள் பார்த்தாள். "தண்ணி கொண்டாறேன்" என்று வெளியே போய்விட்டேன். மனைவி தரையைத் துடைத்துவிட்டு அதே அளவில் வேறொரு தட்டு கொண்டுவந்து வைத்தார். குரல் மாறவில்லை. "இதுவும் இருக்குது கண்ணு, நேரம் இருக்குது." அன்று ஒன்றரை மணி நேரம் ஆனது. முடிக்காத நாட்களில் மருத்துவர் எழுதிக் கொடுத்த சத்து மாவுப் பால். அதையும் விட்டால் மருத்துவருக்குப் போன். இந்த மூன்று படியும் அவளுக்கு முன்கூட்டியே தெரியும். புதிதாக எந்த மிரட்டலும் வராது என்பதும் தெரியும்.

விளையாட்டு, நடன வகுப்பு, மாடிப்படி ஏறி இறங்குவது எல்லாம் உடம்பு தேறும்வரை நிறுத்தி வைக்கப்பட்டன. இதைச் சொல்லும்போது தண்டனை மாதிரி சொல்லக் கூடாது. கால் முறிந்த பிள்ளையை ஓட விடுவோமா? அந்தத் தொனியில் சொல்லுங்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் ஒரு மணி நேரம் கூடவே இருக்க வேண்டும். அதுதான் அவளுக்கு மிகக் கொடுமையான நேரம். வயிறு கனக்கும், மனசு கத்தும். பாத்ரூம் போவதும் அந்த நேரத்தில்தான் ஆபத்து, அதனால் சாப்பாட்டுக்கு முன்பே போய்வரச் சொல்வோம். தாயம், பல்லாங்குழி, ஐபிஎல் பழைய ஆட்டங்கள், கடைக்கு வந்த புது நோட்டுகளுக்கு விலை ஒட்டுவது என்று அந்த ஒரு மணியை ஓட்டினோம். ஸ்டிக்கர் ஒட்டும்போதுதான் அவள் முதல் முறையாக, "எனக்கே ஏன்னு தெரியலைங்ப்பா" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை, அடுத்த கட்டு நோட்டை எடுத்துக் கொடுத்தேன். கேட்டு வாங்க முடியாத பேச்சு அப்படித்தான் வந்தது, கை வேறெதிலோ இருக்கும்போது, முகம் பார்க்காமல்.

பள்ளி மதியச் சாப்பாட்டுக்கு நானே தூக்குப்போசியோடு போனேன். வகுப்பு ஆசிரியை நூலக அறையில் ஒரு மேசை ஒதுக்கித் தந்தார். மற்ற பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பதை மகளே முடிவு செய்தாள்: "வயித்துல புண்ணு, டாக்டர் சொல்லியிருக்காங்க." அவள் சொன்னது போதும் என்று விட்டுவிட்டோம்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

டைரி. நான் படித்தேன். என்ன இருந்தது என்று எழுத மாட்டேன். அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில், டைரியில் மட்டுமே இருந்த ஒரு வார்த்தை என் வாயில் வந்துவிட்டது. அவள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். பதினோரு நாள் என்னிடம் பேசவில்லை.

மன்னிப்பு கேட்க வேண்டியிருந்தது. நம் வீடுகளில் அப்பா பிள்ளையிடம் மன்னிப்பு கேட்பது வழக்கமில்லை. நான் கேட்டேன். "உன் டைரிய படிச்சது தப்பு. இனிமேல் தொட மாட்டேன். ஆனா சாப்பாட்டு விசயத்துல நான் விலக மாட்டேன்." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னது நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன். முதலாவதை மட்டும் சொல்லியிருந்தால் நான் பயந்துவிட்டேன் என்று நோய் எடுத்துக்கொண்டிருக்கும். இரண்டாவதை மட்டும் சொல்லியிருந்தால் மகளை இழந்திருப்பேன்.

அதற்குப் பிறகு மருத்துவர் முன்னிலையில் ஒரு ஒப்பந்தம் போட்டோம். அவளுடைய தோழிகள், மார்க், உடுப்பு, அறை, அவள் ஆலோசகரிடம் பேசுவது எதையும் நாங்கள் கேட்க மாட்டோம். ஆனால் ஐந்து விஷயங்கள் ரகசியமாக இருக்க முடியாது: வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை, மயக்கம், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, சாக வேண்டும் என்று தோன்றுவது. இந்த ஐந்தில் எது தெரிந்தாலும் அவளிடம் சொல்லிவிட்டு மருத்துவரிடம் சொல்வோம். முன்கூட்டியே சொல்லி வைத்ததால் பின்னால் அப்படி ஒன்று நேர்ந்தபோது காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று அவள் நினைக்கவில்லை. ராத்திரி நேரத்தில் தனியாகத் திணறினால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், பெற்றோரும் கூப்பிடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

எடை பார்க்கும் கருவியை வீட்டை விட்டு அனுப்பிவிட்டோம். எடை மருத்துவமனையில் மட்டும். திரும்பி வரும் பஸ்ஸில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

தம்பியும் சொந்தக்காரர்களும்

தம்பிக்கு அப்போது 11 வயது. "அக்கா பூந்தொட்டியில தோசையப் போட்டா" என்று ஒரு நாள் ஓடிவந்து சொன்னான். அவனைத் தனியாக அழைத்து, அக்காவைக் காவல் காப்பது அவன் வேலை இல்லை, அவளோடு சண்டை போடுவதும் விளையாடுவதும்தான் அவன் வேலை என்று சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனுக்கு மட்டும் என்று ஒதுக்கினேன், காவிரிக் கரைக்கு சைக்கிளில் போவோம். கூடப்பிறந்த பிள்ளை இந்த நாட்களில் யார் கண்ணிலும் படாமல் போய்விடும், கவனமாக இருங்கள்.

சொந்தக்காரர்களுக்கு விளக்கம் சொல்லித் தீராது. "உடம்பு சரியில்ல, வைத்தியம் நடக்குது. அவகிட்ட உடம்பப் பத்தியும் சாப்பாட்டப் பத்தியும் பேசாதீங்க, வேற எது வேணா பேசுங்க." வாசலிலேயே சொல்லிவிடுவேன். கேட்காத ஒருவரை நடுப்பேச்சில் எழுப்பித் திண்ணைக்கு அழைத்துப்போயிருக்கிறேன். அவர் இன்னும் கோபமாக இருக்கிறார். பரவாயில்லை. எங்கள் வாயையும் கட்டினோம். மனைவி கண்ணாடி முன் நின்று "தொப்பை போட்டிருச்சு" என்பதை நிறுத்தினார், நான் டீக்கடைச் சர்க்கரைப் புலம்பலை நிறுத்தினேன்.

திருப்பிக் கொடுப்பது

ஏழாம் மாதம் மருத்துவர் சம்மதித்த பிறகு முதலில் திருப்பிக் கொடுத்தது மாலைச் சிற்றுண்டி. எது என்று அவள் தேர்வு செய்யலாம், எவ்வளவு என்பது எங்களுடையது. இரண்டு வாரம் நன்றாகப் போனது, மூன்றாம் வாரம் வேர்க்கடலை உருண்டை வெள்ளரிக்காய் ஆகிவிட்டது. திட்டவில்லை. "இது இன்னும் சீக்கிரம் போல, ரெண்டு வாரம் நாங்க வெச்சுக்கறோம், மறுபடி பாக்கலாம்" என்று திரும்ப எடுத்துக்கொண்டோம். இப்படி மூன்று முறை நடந்தது. அவசரப்பட்டு மொத்தமாக விடாதீர்கள். உடம்பு தேறியதாகத் தெரிந்தாலும் மனசு பல மாதம் பின்னால்தான் வரும்.

இந்த ஜூனில் கோவையில் கல்லூரி விடுதிக்குப் போனாள். போகும் முன் அவளே ஒரு தாளில், நோய் திரும்புகிறது என்பதற்கான அடையாளங்களை எழுதினாள். ஒரு பிரதி அவள் பெட்டியில், இன்னொன்று எங்கள் அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. முதலாவது, காரணம் சொல்லிச் சிற்றுண்டியைத் தவிர்ப்பது. இரண்டாவது, விரதம் என்று சொல்வது. மூன்றாவது, அறைத் தோழிகளுக்கு நிறையச் சமைத்துப் போடுவது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் நான் கேள்வி கேட்காமல் பஸ் ஏறி வரலாம், ஒரு வாரம் அவளோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.